முதல் சுவரொட்டிக்கு நிறம் தேர்வது எப்படி?

சிங்கப்பூரில் தமிழ் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஏற்பாட்டுக் குழு கூடினால் வேலைகள் சீக்கிரம் பிரிந்துவிடும். ஒருவர் மண்டபத்தைப் பார்த்துக்கொள்வார், ஒருவர் சாப்பாட்டுக்குச் சொல்வார். "உங்களுக்குத்தான் கேன்வா தெரியுமே" என்று யாரோ ஒருவர் தலையில் சுவரொட்டி வந்து விழும். ஏப்ரலில் தமிழ் மொழி விழா, அப்புறம் தீபாவளி, தை பிறந்தால் பொங்கல் என்று ஆண்டு முழுக்க இப்படிப் புதுப்புது வடிவமைப்பாளர்கள் உருவாகிக்கொண்டே இருக்கிறார்கள். வரையத் தெரியாது, கணினியில் படம் நகர்த்தத் தெரியும், நிறம் தேர்வதில் மட்டும் கை நடுங்குகிறது என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நிறக் கோட்பாடு என்றதும் எல்லாரும் நிறச் சக்கரத்தைத் தேடிப் போகிறார்கள். சக்கரம் பிறகு வரட்டும். ஒரு சுவரொட்டியைத் தூரத்தில் இருந்து வாசிக்க முடியுமா முடியாதா என்பதைச் சிவப்பும் நீலமும் தீர்மானிப்பதைவிட, எது வெளிச்சம் எது இருட்டு என்பதே அதிகமாகத் தீர்மானிக்கிறது. ஆகவே இங்கே வரிசை வழக்கத்துக்குத் தலைகீழாக இருக்கும்: முதலில் வெளிச்சம், அடுத்து எந்த நிறத்துக்கு எவ்வளவு இடம், கடைசியில்தான் எந்த நிறம்.

கையில் ஒரு வேலை இருந்தால் பேசுவது எளிது. சமூக மன்றத்தில் சனிக்கிழமை மாலை பட்டிமன்றம் என்று வைத்துக்கொள்வோம். ஏ3 தாளில் அச்சடித்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் மின்தூக்கிப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அதே படம் வாட்ஸ்அப்பிலும் போகும்.

நிறத்துக்கு மூன்று பிடிகள்

எந்த மென்பொருளைத் திறந்தாலும் நிறம் தேர்வு செய்யும் பெட்டி ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வானவில் மாதிரி ஒரு பட்டை, பக்கத்தில் ஒரு சதுரம். பட்டையை நகர்த்தினால் நிறம் மாறும்: 0 பாகையில் சிவப்பு, 60ல் மஞ்சள், 120ல் பச்சை, 240ல் நீலம், 360ல் மறுபடி சிவப்பு. சதுரத்தில் வலப்பக்கம் போகப் போக நிறத்தின் செறிவு கூடும், இடப்பக்கம் சாம்பலாகும். மேலே போனால் வெளிச்சம், கீழே போனால் இருட்டு. நிறம், செறிவு, வெளிச்சம் என்று இந்த மூன்றாகப் பிரித்து நிறங்களை வரிசைப்படுத்தும் முறையை அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905ல் நூலாகவே வெளியிட்டார். இன்றைய பெட்டிகள் எல்லாம் அந்த யோசனையின் வாரிசுகள்தான்.

புதியவர்கள் பெரும்பாலும் முதல் பிடியை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். சிவப்பு சரியில்லையா, பச்சை போடு. பச்சையும் சரியில்லையா, ஊதா போடு. உண்மையில் அந்தச் சிவப்பின் வெளிச்சத்தைப் பாதியாக்கியிருந்தாலே வேலை முடிந்திருக்கும்.

இந்தப் பெட்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முழு மஞ்சளும் முழு நீலமும் "வெளிச்சம் 100" என்றே காட்டும். கண்ணுக்கு அப்படித் தெரியாது. நம் கண் பச்சைப் பகுதி ஒளிக்கு மிகவும் கூர்மையானது, நீலத்துக்கு மிகவும் மந்தம். திரையின் வெள்ளையில் இருக்கும் மொத்த வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72 விழுக்காடு, சிவப்பு 21, நீலம் வெறும் 7. சிவப்பும் பச்சையும் சேர்ந்த மஞ்சள், வெள்ளைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுவதும், நீலம் கறுப்புக்குப் பக்கத்தில் போய்விடுவதும் இதனால்தான். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து ஏன் மறைந்துபோகிறது என்று இனி நீங்கள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

முதல் படி: நிறமே இல்லாமல் தொடங்குங்கள்

கறுப்பு, வெள்ளை, நடுவில் இரண்டு சாம்பல். இந்த நான்கை மட்டும் வைத்துச் சுவரொட்டியை முழுதாக அமைத்துவிடுங்கள். சலிப்பாக இருக்கும், ஆனால் நேரம் மிச்சம்.

பட்டிமன்றத் தலைப்பு, நாள், நேரம், இடம், நடுவர் பெயர், பேச்சாளர்கள், ஆதரவாளர்களின் சின்னங்கள். எல்லாமே முக்கியம் என்றுதான் குழு சொல்லும். நீங்கள் ஒரு வரிசை போட்டுக்கொள்ளுங்கள். மின்தூக்கிக்குக் காத்திருப்பவர் ஒரு பார்வையில் எதைப் பிடிக்க வேண்டும்? தலைப்பும் நாளும். அவை இரண்டுக்கும் பின்னணிக்கும் இடையேதான் வெளிச்ச வேறுபாடு மிக அதிகமாக இருக்க வேண்டும். பேச்சாளர் பெயர்கள் அதற்கடுத்த நிலை. சின்னங்கள் ஓர் ஓரத்தில் அடக்கமாக இருந்தால் போதும்; ஆதரவாளர் கோபித்துக்கொண்டால் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள், பளபளப்பைக் கூட்டாதீர்கள்.

இப்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். எழுத்துகள் மங்கிப் போய் வெறும் திட்டுகளாகத் தெரியும். அப்போதும் தலைப்பு தனியாக நிற்கிறதா? நின்றால் சரி. அப்புறம் படத்தைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், வாட்ஸ்அப் குழுவில் முதலில் தெரியப்போவது அந்த அளவுதான்.

நிறம் சேர்த்த பின்பும் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் போனால் திரை முழுவதையும் சாம்பல் நிறமாக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு உங்கள் சுவரொட்டியைத் திறங்கள். வண்ணத்தில் அட்டகாசமாக இருந்த சிவப்புப் பின்னணியும் பச்சை எழுத்தும் சாம்பலில் ஒன்றோடொன்று கரைந்து நிற்பதைப் பார்த்தால் எதை மாற்ற வேண்டும் என்று தானாகவே தெரிந்துவிடும்.

குழுக் கூட்டத்தில் "இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அதைக் கேட்டதும் செறிவைக் கூட்டுவது வழக்கம். எல்லா நிறத்தையும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டால் எதுவுமே தனித்துத் தெரியாது. அப்படிச் சொல்பவருக்கு வேண்டியது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாடுதான். பின்னணியை ஒரு படி இருட்டாக்கி அதே கோப்பைத் திரும்ப அனுப்புங்கள். "இப்போது நன்றாக இருக்கிறது" என்று அதே குரல் சொல்லும்.

இரண்டாம் படி: எண்ணிலும் சரிபாருங்கள்

கண் ஏமாறும். அதுவும் ஒரே படத்தை ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் கட்டாயம் ஏமாறும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம். மென்பொருள்களில் காண்ட்ராஸ்ட் ரேஷியோ என்று இருக்கும். ஒரே நிறத்தின்மேல் அதே நிறம் என்றால் 1. வெள்ளையில் கறுப்பு என்றால் 21. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், பெரிய தலைப்புகளுக்கு 3 போதும். இன்னும் கண்டிப்பான நிலைக்கு 7. வெப்எய்ம் தளத்தில் இருக்கும் இலவசக் கருவியில் இரண்டு நிறங்களைக் கொடுத்தால் விகிதத்தைச் சொல்லிவிடும்.

இந்த அளவுகோல் இணையப் பக்கங்களுக்காக வந்தது. சுவரொட்டிக்கு யாரும் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் ஆறடி தள்ளி, மாலை வெளிச்சத்தில், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு தாத்தா வாசிக்கப்போகிற தாளுக்கு இணையப் பக்கத்தைவிடக் குறைந்த தரம் ஏன்?

சில எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளையின்மேல் முழு மஞ்சள்: 1.1க்கும் குறைவு. வெள்ளையின்மேல் முழுச் சிவப்பு: 4, தலைப்புக்குச் சரி, சின்ன எழுத்துக்குப் பத்தாது. முழுச் சிவப்பும் முழுப் பச்சையும்: 2.9. மென்பொருள் ஒரு நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரையிலான மூன்று எண்களாலும் குறிக்கும்; வெள்ளையில் சாம்பல் எழுத்து போட விரும்பினால் அந்த மூன்று எண்ணும் 118 என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதைவிட வெளிறினால் 4.5ஐத் தாண்டாது.

நம் ஊர்ச் சுவரொட்டிகளில் அடிக்கடி கண்ணில் படுவது சிவப்பின்மேல் மஞ்சள். மங்கலமான சேர்க்கை, குற்றம் சொல்ல மனம் வராது. ஆனால் முழுச் சிவப்பின்மேல் முழு மஞ்சளின் விகிதம் 3.7தான். அதே சிவப்பின் வெளிச்சத்தைப் பாதியாக்கி, அதாவது சிவப்பு 128, பச்சை 0, நீலம் 0 என்று அரக்காக்கிப் பாருங்கள். விகிதம் 10க்கு மேல் போய்விடும். மங்கலம் அப்படியே இருக்கும், எழுத்தும் தெரியும்.

தமிழ் எழுத்துக்கு இந்தக் கவலை கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். ழ, ண, ஞ போன்றவற்றின் உட்சுழிகள் சிறியவை. வேறுபாடு குறைந்தால் சுழி அடைபட்டதுபோல் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளியோ அதைவிடச் சின்னது. மங்கலான பின்னணியில் முதலில் காணாமல் போவது அதுதான், போனால் வாசிப்பே தடுமாறும். எழுத்தைத் தூக்கிக்காட்ட வெளிக்கோடும் நிழலும் போடுவது இன்னொரு வழக்கம். அவை ஆங்கிலத் தலைப்பில் தப்பித்துவிடும், தமிழில் சுழிகளை நிரப்பிவிடும். வெளிக்கோடு தேவைப்படுகிறது என்றால் பின்னணி நிறம் தவறு என்று அர்த்தம்.

மூன்றாம் படி: நிறங்களைச் சேலையிலிருந்து எடுங்கள்

நிறக் கூட்டணி கற்க வெளிநாட்டுத் தளங்களை மேய்வதற்கு முன், சிராங்கூன் சாலையில் ஒரு பட்டுச் சேலைக் கடை முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். காஞ்சிபுரம் சேலை ஒன்றில் உடல் ஒரு நிறம், கரை அதற்கு எதிரான நிறம், நடுவில் சரிகை மெல்லிய கோடாக. மூன்றுக்கும் சம இடம் கிடையாது. உள் அலங்கார வடிவமைப்பாளர்கள் 60, 30, 10 என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: ஆளும் நிறம் அறுபது பங்கு, துணை நிறம் முப்பது, சுண்டி இழுக்கும் நிறம் பத்து. நம் நெசவில் அது எப்போதோ வந்துவிட்டது. உடல்தான் பின்னணி, கரைதான் தலைப்புப் பட்டை, சரிகைதான் நாளும் நேரமும்.

நிறங்களைப் பேசுவதற்கும் சேலைக் கடைக்காரர்களின் சொற்கள் அருமையானவை. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து, வெங்காயச் சருகு, கத்தரிப்பூ, சந்தனம். குழுவிடம் "சிவப்பு போடட்டுமா" என்று கேட்டால் ஐந்து பேர் ஐந்து சிவப்பை நினைப்பார்கள். "அரக்கு" என்றால் ஏறக்குறைய ஒரே நிறம் எல்லார் மனத்திலும் வரும். ஆனால் மயில்கழுத்தை மட்டும் திரையில் பிடிக்க முயலாதீர்கள். பாவுக்கு (நீளவாட்டு நூலுக்கு) ஒரு நிறம், ஊடைக்கு (குறுக்கு நூலுக்கு) வேறொரு நிறம் போட்டு நெய்வதால் அது அசையும்போது மாறி மாறி மின்னுகிறது. தட்டையான தாளில் அது வெறும் பச்சை கலந்த நீலம்.

பட்டிமன்றச் சுவரொட்டிக்கு வருவோம். அரக்கு, மாம்பழ மஞ்சள், சந்தனம் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். திரை எண்களில்: அரக்கு 128, 0, 0. மாம்பழ மஞ்சள் 255, 190, 0. சந்தனம் 255, 245, 225. சந்தனப் பின்னணியில் அரக்கு எழுத்தின் விகிதம் சுமார் 10. பேச்சாளர் பெயர், முகவரி எல்லாவற்றுக்கும் தாராளம். மேலே அரக்குப் பட்டை போட்டு அதில் மாம்பழ மஞ்சளில் தலைப்பு எழுதினால் 6.6, அதுவும் நல்லது. மூன்றாவது சேர்க்கை ஒன்று மிச்சம் இருக்கிறது: சந்தனத்தின்மேல் மாம்பழ மஞ்சள். விகிதம் 1.5. அழகுக் கோடு, கோலம், விளக்கின் சுடர் இவற்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள், எழுத்துக்கு வேண்டாம்.

இப்படி மூன்று நிறத்துக்கும் ஒன்றோடொன்று என்ன விகிதம் என்று ஒரு சிறு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், எந்த எழுத்து எதன்மேல் வரலாம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டாம். நான்காவது நிறம் வேண்டும் என்று தோன்றினால், இருக்கிற மூன்றில் ஒன்றை வெளிறச் செய்தோ இருட்டாக்கியோ பாருங்கள். புது நிறம் கடைசி வழி.

சக்கரம்

சரி, சக்கரத்துக்கு வந்துவிட்டோம். நிறங்களை முதன்முதலில் வட்டமாக வளைத்துக் காட்டியவர்களில் ஐசக் நியூட்டன் முக்கியமானவர். முப்பட்டகத்தில் ஒளியைப் பிரித்த ஆய்வுகளை அவர் 1704ல் நூலாக வெளியிட்டபோது அதில் நிற வட்டமும் இருந்தது. எதிரெதிர் நிறங்கள் மோதும், அடுத்தடுத்த நிறங்கள் ஒத்துப்போகும் என்பதுதான் சக்கரத்தின் சாரம்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், புழக்கத்தில் இரண்டு சக்கரங்கள் இருக்கின்றன. ஓவியர்களின் சக்கரத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூலநிறங்கள். அங்கே சிவப்புக்கு எதிர் பச்சை. திரையின் சக்கரத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூலநிறங்கள். அங்கே சிவப்புக்கு எதிர் வெளிர் நீலப்பச்சை. பள்ளியில் படித்ததும் மென்பொருள் காட்டுவதும் ஒத்துவரவில்லையே என்று குழம்ப வேண்டாம். அடோபி கலர், கூலர்ஸ் போன்ற தளங்கள் தாமாகவே கூட்டணி போட்டுக் காட்டும், அங்கிருந்து தொடங்கலாம். அவை தருவது நிறத்தை மட்டும்தான். வெளிச்சத்தை நீங்கள்தான் திருத்த வேண்டும்.

அக்கம்பக்கம் நிறத்தை மாற்றும்

பாரிஸில் கோபலின் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயத்துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷேல் செவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் சில இடங்களில் கறுப்பாகவே தெரியவில்லை, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் கோளாறே இல்லை. நீலம், ஊதா நூல்களுக்குப் பக்கத்தில் வந்த கறுப்புதான் வெளிறித் தெரிந்தது. நிறம் தன் பக்கத்து நிறத்தால் மாறித் தெரியும் என்பதை அவர் விரிவாக ஆராய்ந்து 1839ல் வெளியிட்டார்.

நடைமுறையில் இதன் பொருள் எளிது. நிறத்தைப் பெட்டியில் தனியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது உட்காரப்போகும் இடத்தில் வைத்துப் பாருங்கள். அரக்கின்மேல் வைத்த சாம்பல் கொஞ்சம் பச்சை பூசியதுபோல் தெரியும். முழுச் சிவப்பின்மேல் முழு நீல எழுத்தோ ஓரங்களில் நடுங்குவதுபோல் இருக்கும், வாசிக்கவே கண் வலிக்கும்.

யாருக்கு எந்த நிறம் என்ன சொல்லும்

நான்கு மொழிகள் புழங்கும் ஊரில் அறிவிப்புப் பலகையும் பொது இடம்தான். சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பும் பொன்னிறமும், நோன்புப் பெருநாள் அன்பளிப்பு உறைகளில் பச்சை, தீபாவளி உறைகளில் ஊதாவும் மஞ்சளும் என்று கடைகளைப் பார்த்தாலே மாதம் தெரிந்துவிடும். சீனர்கள் துக்க வீட்டில் கொடுக்கும் பண உறை வெள்ளை. நம் வீடுகளில் அழைப்பிதழின் ஓரத்துக்கு மஞ்சள் தடவுவோம், கறுப்புக் கரை போட்ட தாள் வந்தால் திடுக்கிடுவோம். பட்டிமன்றத்துக்குக் கறுப்புப் பின்னணி போட்டால் நவீனமாக இருக்கும் என்று இளையவர்கள் சொல்லலாம். போடலாம்தான். ஆனால் நடுவரின் படத்தைக் கறுப்புச் சட்டத்துக்குள் மட்டும் வைக்காதீர்கள், முதல் தொலைபேசி அழைப்பு அவர் வீட்டிலிருந்தே வரும்.

அர்த்தத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பலகையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது. ஆகஸ்டில் தேசிய தினத்தையொட்டி எங்கு பார்த்தாலும் சிவப்பும் வெள்ளையும். அந்த மாதம் நீங்களும் சிவப்பு வெள்ளையில் ஒட்டினால் கூட்டத்தில் ஒன்றாகிவிடுவீர்கள். ஒட்டப்போகும் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்து, அந்தப் படத்தின்மேல் உங்கள் சுவரொட்டியை ஒட்டிப் பாருங்கள். இந்த ஒரு வேலையை யாரும் செய்வதில்லை, ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நிறத்தை மட்டும் நம்பி ஒரு செய்தியை விடாதீர்கள்

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் சில நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமப்படுகிறார். பெண்களில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவர். ஆசிய ஆண்களிடம் இது சற்றுக் குறைவு என்றாலும் நூறு பேர் வரும் நிகழ்ச்சியில் சிலர் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் குழம்பும். ஒரு வகையினருக்குச் சிவப்பே இருட்டாகத் தெரியும், கறுப்பில் எழுதிய சிவப்பு எழுத்து இருக்கும் இடமே தெரியாது. இவர்களைத் தவிர மூத்தவர்கள் இருக்கிறார்கள். வயதாக ஆக விழி வில்லை மஞ்சளேறி நீல ஒளியை மறைக்கும். கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்துப் பார்ப்பது எழுபது வயதுக் கண்ணுக்குச் சுலபமில்லை.

இந்த ஊர் இதற்கு நல்ல முன்மாதிரிகளை வைத்திருக்கிறது. எம்ஆர்டி ரயில் வரைபடத்தில் வடக்கு–தெற்குப் பாதை சிவப்பு, கிழக்கு–மேற்கு பச்சை, வடகிழக்கு ஊதா, டௌன்டவுன் நீலம், தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் பழுப்பு. சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் ஒரே படத்தில்! ஆனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு இருக்கிறது. லிட்டில் இந்தியா என்றால் என்இ7, டிடி12. நிறம் தெரியாதவருக்கும் வழி தெரியும். வெள்ளி நோட்டுகளும் அப்படியே. 2 வெள்ளி ஊதா, 5 பச்சை, 10 சிவப்பு, 50 நீலம். மதிப்பு கூடக் கூட நோட்டின் அளவும் கூடும்.

உங்கள் நிகழ்ச்சி நிரலில் "இலவசம்" பச்சைப் புள்ளி, "கட்டணம்" சிவப்புப் புள்ளி என்று போட்டிருந்தால் பக்கத்தில் அந்தச் சொல்லையும் எழுதுங்கள்.

திரையிலிருந்து வாட்ஸ்அப்புக்கும் அச்சுக்கும்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். அப்படிச் சுருக்கும் ஜேபெக் முறை, கண் வெளிச்ச மாற்றங்களைக் கூர்மையாகவும் நிற மாற்றங்களை மந்தமாகவும் பார்க்கிறது என்ற உண்மையைப் பயன்படுத்திக்கொள்கிறது. வெளிச்ச விவரங்களை முடிந்தவரை வைத்துக்கொண்டு நிற விவரங்களைத்தான் முதலில் குறைக்கும். ஒரே அளவு வெளிச்சமுள்ள சிவப்பும் பச்சையும் சேரும் இடத்தில் எழுத்தின் ஓரம் கசங்கிப்போவதற்கு இதுதான் காரணம். அரக்கின்மேல் மஞ்சள் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் அங்கே வேறுபாடு வெளிச்சத்தில் இருக்கிறது. நான்கு பேர் கை மாறி வந்த படத்திலும் நாளும் நேரமும் தெரிய வேண்டும் என்றால் இதை மறக்கக் கூடாது. முடிந்தால் ஆவணமாக அனுப்புங்கள், சுருங்காது.

அச்சு வேறு உலகம். திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைத் தாளில் பூசி ஒளியைக் குறைத்துக் காட்டுகிறது. முன்னதை ஆர்ஜிபி என்றும் பின்னதை சிஎம்ஒய்கே என்றும் சொல்வார்கள். திரையில் மின்னும் கிளிப்பச்சையும் பளிச் நீலமும் மையில் கிடையாது. நீலம் பெரும்பாலும் ஊதாப் பக்கம் சாய்ந்தும், கிளிப்பச்சை வாடியும் வரும். அரக்கும் மாம்பழ மஞ்சளும் அவ்வளவு ஏமாற்றாது. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ், சன்ஷைன் பிளாசா மாதிரி இடங்களில் அச்சுக் கடைக்குப் போகும்போது ஏ4 அளவில் ஒரே ஒரு மாதிரி அடித்துத் தரச் சொல்லுங்கள். அதைக் கடை விளக்கில் பார்த்துத் திருப்தி அடையாமல் வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பாதி பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

சின்ன எழுத்துகளைத் தனிக் கறுப்பு மையில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மைகள் சேர்ந்து உருவாகும் நிறத்தில் சின்ன எழுத்து இருந்தால், மைகள் மயிரிழை விலகினாலும் சுழிகள் கலங்கிவிடும். அரக்கு நிறத்தைப் பெரிய எழுத்துக்கும் பட்டைக்கும் வைத்துக்கொள்ளலாம். இருட்டுப் பின்னணியில் வெளிர் எழுத்து என்றால் தடித்த எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள். மை பரவும்போது மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். வெளியே ஒட்டிய பழைய சுவரொட்டிகள் நீலம் பாரித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் மெஜந்தாவும் வெயிலில் முதலில் வெளுக்கும், சயானும் கறுப்பும் அதிக நாள் நிற்கும். ஆக, சிவப்பு எழுத்துதான் முதலில் போகும். பல வாரம் வெளியில் இருக்கப்போகும் பதாகை என்றால் நாளையும் இடத்தையும் கறுப்பிலோ கருநீலத்திலோ போடுவது புத்திசாலித்தனம். மின்தூக்கிப் பக்கத்துப் பலகைக்கு இந்தக் கவலை குறைவு.

இன்னொன்று: இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியைக் கைப்பேசியில் போட்டிருப்பீர்கள். நிறத்தை முடிவு செய்யும் நேரத்தில் அதை அணைத்துவிடுங்கள்.

கண்ணைப் பழக்க மூன்று கட்டடங்கள்

இதற்கெல்லாம் வகுப்புக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று இடங்களுக்குப் போய்வாருங்கள்.

லிட்டில் இந்தியாவில் கெர்பாவ் ரோட்டில் இருக்கும் டான் டெங் நியாவின் வீடு 1900ல் கட்டியது. கதவு, ஜன்னல் பலகை, தூண் எல்லாம் ஆளுக்கொரு நிறம், எல்லாமே உச்சச் செறிவில். படம் எடுக்க அருமையான இடம், எனக்கும் பிடிக்கும். ஆனால் கண் எங்கே தங்குவது என்று தெரியாமல் அலையும். ஒரு தகவலை முதலில் வாசிக்க வைக்க வேண்டிய இடத்தில் இந்தப் பாணி உதவாது.

ஹில் ஸ்ட்ரீட்டில் இருக்கும் பழைய போலிஸ் நிலையக் கட்டடம் 1934ல் எழுந்தது. அதில் 927 ஜன்னல்கள், வானவில் நிறங்களில். நிறங்களின் எண்ணிக்கை அங்கேயும் குறைவில்லை, ஆனால் சுவர் வெளிறி அடங்கியிருக்கிறது. நிறம் ஜன்னலில் மட்டும், அதுவும் ஒழுங்கான கட்டங்களில். மேலே சொன்ன அறுபது முப்பது கணக்கை நேரில் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஜூ சியாட் பக்கம் கூன் செங் ரோட்டின் பெரனாக்கான் வரிசை வீடுகள். இளஞ்சிவப்பு, இளம்பச்சை, வெளிர்நீலம் என்று வீட்டுக்கு ஒரு நிறம், இருந்தும் சண்டையில்லை. எல்லா நிறங்களும் செறிவு குறைந்து, ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்கின்றன. வெள்ளைச் சுதை வேலைப்பாடுகள் நடுவில் நின்று பிரித்துவிடுகின்றன. அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள், வாசல்படியில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள்.

ஒவ்வோர் இடத்திலும் நேராக நின்று ஒரு படம் எடுத்து வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் படத்தைச் சாம்பலாக்கிப் பாருங்கள்: கூன் செங் ரோட்டில் சுவர்கள் பெரும்பாலும் ஒரே சாம்பலாகவும், கெர்பாவ் ரோட்டில் துண்டு துண்டாகவும் தெரியும். அப்புறம் மென்பொருளின் நிறம் உறிஞ்சும் கருவியால் சுவரைத் தொடுங்கள், ஜன்னலைத் தொடுங்கள், கிடைக்கும் எண்களைக் குறித்து வையுங்கள். வெயிலில் இருக்கும் சுவரும் நிழலில் இருக்கும் அதே சுவரும் வெவ்வேறு எண் காட்டும், அதனால் ஒரு கட்டடத்தின் எல்லா நிறங்களையும் ஒரே வெளிச்சத்திலிருந்து எடுங்கள். உச்சி வெயில் செறிவையெல்லாம் வெளுத்துவிடும், ஆகவே பத்து மணிக்குள் போய்விடுவது நல்லது.